பழைய மோட்டார் படகு வாங்கப் போறீங்களா? அது உண்மையில் எவ்வளவு ஓடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் அவுட்போர்டு இன்ஜின், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜின், பழுது பார்ப்பது என் தொழில். படகு வாங்கப் போகிறவர்கள் அநேகமாக அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள் ராத்திரிதான் போன் செய்வார்கள். தூண்டில் போட ஆசைப்படும் புதுச்சேரிக்காரர்கள், சவாரிக்குப் படகு தேடுகிறவர்கள், தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கத்து மீன்பிடிப் பிள்ளைகள் என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். 18 அடி முதல் 32 அடி வரையான ஃபைபர் படகுகளை வைத்துத்தான் பேசுகிறேன். இழுவலை விசைப்படகுகளின் கணக்கு வேறு.

அண்ணே, விக்கிறவர் "25 நாட் ஓடும்"னு அடிச்சுச் சொல்றார். நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். என்றோ ஒரு காலை, கடல் குளம் மாதிரி கிடந்தபோது, இரண்டு பேர் மட்டும் ஏறி, டேங்கில் பாதி பெட்ரோலோடு, த்ராட்டிலைக் கடைசிவரை தள்ளியபோது 25 வந்திருக்கும். அந்த எண் அவர் மனதில் நின்றுவிட்டது. அது படகின் ஓட்டம். உங்களுக்கு வேண்டியது அதன் நடை.

நடை என்று நான் சொல்வது இதைத்தான்: நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையோடு, மதியக் காற்றில், இன்ஜினை வதைக்காமல் இரண்டு மணி நேரம் தொடர்ந்து போகக்கூடிய வேகம். என் அனுபவத்தில், விற்பவர் சொல்லும் எண்ணில் அறுபதிலிருந்து எழுபது சதவீதம்தான் நடையாக வரும். 25 என்றால் 15 முதல் 17. அதை மனதில் வைத்துக்கொண்டு படகைப் பார்க்கப் போங்கள். கூட வந்தால் சந்தோஷம்.

நாட்டுன்னா கிலோமீட்டர்ல எவ்வளவு?

ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக 15 நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கீழே மைல் என்று வரும் இடமெல்லாம் கடல் மைல்தான்.

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். இந்த நிமிடம் நேரம் அல்ல, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நம் கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுவதால் இது நமக்குப் பெரிய வசதி. திசைகாட்டியைப் பார்த்து நேர் வடக்கே ஓட்டினால், ஜிபிஎஸ்ஸில் அட்சரேகை ஒரு நிமிடம் நகரும்போது ஒரு மைல் கடந்திருப்பீர்கள். கையில் கடிகாரம் இருந்தால் போதும், வேகத்தை நீங்களே சரிபார்க்கலாம்.

28 அடி ஃபைபர் படகு, 10 ஹெச்பி டீசல் இன்ஜின். 12 நாட் போகும்ங்கிறாங்களே?

போகாது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் எந்தப் படகுக்கும் ஒரு வரம்பு உண்டு. படகு முன்னால் ஒரு அலையை எழுப்புகிறது, பின்னால் ஒன்றை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடி, கடைசியில் படகின் நீளத்துக்கே வந்துவிடும். அதன்பின் படகு தானே எழுப்பிய அலை மேட்டில் ஏறப் பார்க்கும் வண்டி மாதிரி ஆகிவிடும். எவ்வளவு முறுக்கினாலும் புகையும் சத்தமும்தான் கூடும்.

கணக்கு எளிது. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 28 அடிப் படகில் தண்ணீர்க்கோட்டு நீளம் 25 அடி என்று வைத்தால், 5 பெருக்கல் 1.34, அதாவது 6.7 நாட். ஒல்லியான, சுமையில்லாத படகு இதைக் கொஞ்சம் தாண்டலாம். பன்னிரண்டைத் தொடாது.

அப்போ 20 நாட்டுக்கு மேல போற படகெல்லாம் எப்படிப் போகுது?

அவை தண்ணீரைக் கிழிப்பதில்லை, அதன் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அதற்குப் பின்பக்கம் தட்டையான அடி, குறைந்த எடை, போதிய ஹெச்பி மூன்றும் வேண்டும். த்ராட்டில் கொடுத்ததும் முதலில் அணியம் (படகின் முன்முனை) மேலே தூக்கும், பின்பக்கம் அமுங்கும். பிறகு அணியம் இறங்கிப் படகு சமமாகும். அந்த இறக்கம்தான் மேலே ஏறிவிட்டதற்கு அடையாளம். வாங்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டிய கணம் இதுதான். முழுச் சுமையோடு எத்தனை விநாடியில் ஏறுகிறது, ஏறுகிறதா இல்லையா என்று பாருங்கள். இரண்டு பேரோடு சுலபமாக ஏறி, ஆறு பேரோடு ஏறவே ஏறாத படகுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சவாரிக்கு வாங்குகிறவருக்கு அந்தப் படகு பயன்படாது.

சோதனை ஓட்டம் எங்கே, எந்த நேரத்துல வைக்கணும்?

உப்பனாற்றுக்குள் வைக்காதீர்கள். அரியாங்குப்பம் ஆற்றுக்குள்ளும் வேண்டாம். ஆற்றில் அலை கிடையாது, ஆழமும் குறைவு. ஆழம் குறைந்த இடத்தில் கனமான படகு பின்பக்கம் அமுங்கி மெதுவாகும், லேசான படகு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஏற்றம், வற்றத்தின் நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கே கிடைக்கும் எண்ணை வைத்துக் கடலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. முகத்துவாரத்தைத் தாண்டி, மூன்று நான்கு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழமாவது வந்த பிறகு ஆரம்பியுங்கள்.

இரண்டு முறை போங்கள், காலையில் ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே விடிகாலையில் கச்சான் அடிக்கும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று என்பதால் கரையோரம் அலையே இருக்காது. விற்பவர்கள் "காலையில ஆறு மணிக்கு வாங்க" என்று கூப்பிடுவது அதனால்தான். மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறிவிட்டால் அதே படகு அலைக்கு அலை அடிவாங்கும். முதுகு வலிக்கு பயந்து நீங்களே த்ராட்டிலைக் குறைப்பீர்கள். குறைத்த பிறகு ஜிபிஎஸ் காட்டும் எண்தான் நீங்கள் விலை கொடுத்து வாங்கும் வேகம்.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) வடக்கே ஒரு மைல், தெற்கே ஒரு மைல் ஓட்டி, இரண்டு வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கரையோர நீரோட்டம் வடக்கே இழுக்கும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே. ஒரு நாட், ஒன்றரை நாட் வித்தியாசம் சாதாரணம். மார்ச்சில் கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கமாக ஓட்டிக் காட்டி 17.5 என்பார். திரும்பி வரும்போது 14.5 காட்டும். படகின் வேகம் 16.

எத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போய்ப் பார்க்கணும்?

உங்கள் வழக்கமான சுமை எவ்வளவோ அவ்வளவு. ஆள் கிடைக்காவிட்டால் தண்ணீர்க் கேன் ஏற்றுங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ, நான்கு கேன் ஒரு ஆளுக்கு மேலேயே வரும். ஐஸ் பார் ஒன்று 50 கிலோ. 100 லிட்டர் பெட்ரோல் 74 கிலோ, அதே அளவு டீசல் 84. வலை நனைந்தால் கனம் கூடும் என்பதை மீன்பிடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நங்கூரம், உயிர்காப்புச் சட்டை, கூலர் பெட்டி எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் ஜிபிஎஸ்ல வந்துடுது. ஆர்பிஎம் மீட்டர் எதுக்கு?

முழு ஓட்டத்தில் இன்ஜின் எத்தனை சுற்று எட்ட வேண்டும் என்று கம்பெனிக்காரரே கையேட்டில் ஒரு எல்லை கொடுத்திருப்பார். பல நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு அது 5000 முதல் 6000. சுமை ஏற்றி, முழு த்ராட்டிலில், அந்த எல்லைக்குள் இன்ஜின் வர வேண்டும். 4400இலேயே நின்றுவிட்டது என்றால் ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது. அடியில் கொட்டலசும் (ஒட்டிக்கொள்ளும் சின்னச் சிப்பி மாதிரி உயிர்) பாசியும் படர்ந்திருக்கலாம். ப்ரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகமாக இருக்கலாம். படகு தண்ணீர் குடித்துக் கனத்திருக்கலாம். அல்லது இன்ஜினுக்கே தெம்பு குறைந்திருக்கலாம். முதல் இரண்டும் சின்னச் செலவு. அடுத்த இரண்டும் பெரிய செலவு.

எது என்று பிரிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் அடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு ப்ரொப்பல்லரில் போட்டிருக்கும் பிட்ச் நம்பரைப் பாருங்கள். பிட்ச் ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். அதற்கும் ஆகாவிட்டால் சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை (உள்ளே எழும் அழுத்தத்தை) அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் கீழே கிடந்தால் அந்த இன்ஜினுக்கு விலையே பேசாதீர்கள், படகுக்கு மட்டும் பேசுங்கள்.

எல்லையைத் தாண்டி 6300, 6400 என்று பறந்தாலும் நல்லதல்ல. பிட்ச் குறைவாக இருக்கலாம், அல்லது இன்ஜினை உயரத் தூக்கி மாட்டியதால் ப்ரொப்பல்லர் காற்றை இழுக்கலாம். மீட்டரே இல்லாத படகானால், ஸ்பார்க் ப்ளக் வயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் மீட்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரொப்பல்லர்ல ரெண்டு நம்பர் போட்டிருக்கு. அதை வச்சு வேகம் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். விற்பவர் சொல்வது நடக்கக்கூடியதா என்று கரையில் நின்றே பார்த்துவிடலாம். முதல் எண் குறுக்களவு, இரண்டாவது பிட்ச். பிட்ச் என்பது ஒரு சுற்றில் ப்ரொப்பல்லர் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. இன்ஜின் ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1215ஆல் வகுத்தால் நாட் வரும். உதாரணமாக 5500 ஆர்பிஎம், கியர் விகிதம் 2, பிட்ச் 12. 2750 பெருக்கல் 12 வகுத்தல் 1215, ஏறக்குறைய 27 நாட்.

தண்ணீர் திருகாணி ஏறுகிற பலகை இல்லை, வழுக்கும். மேலே ஏறி ஓடும் படகில் பத்து முதல் இருபது சதவீதம் வழுக்கல் இயல்பு. ஆக இந்தப் படகு 22, 24 ஓடலாம். 28 என்று ஒருவர் சொன்னால் இந்தப் ப்ரொப்பல்லரில் அது முடியாத காரியம். ஜிபிஎஸ் 17தான் காட்டுகிறது என்றால் வழுக்கல் 37 சதவீதம். ப்ரொப்பல்லர் இலை வளைந்திருக்கிறதா, நடுவிலுள்ள ரப்பர் புஷ் கழன்று சுற்றுகிறதா என்று பாருங்கள்.

மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?

மோட்டா கணக்கு இது: முழு ஓட்டத்தில் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு, டீசல் ஐந்தில் ஒரு லிட்டர், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மூன்றில் ஒரு லிட்டர். பழைய இரண்டு ஸ்ட்ரோக் இன்னும் கூடக் குடிக்கும். 40 ஹெச்பி நான்கு ஸ்ட்ரோக் ஒன்று மணிக்கு 13, 14 லிட்டர் எடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சுற்றை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் ப்ரொப்பல்லர் கேட்கும் சக்தி பாதியாகிவிடும். நடை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கணக்கை நம்பாமல் அளந்து பாருங்கள். பெரிய டேங்கை விட்டுவிட்டு, அளவுக்கோடு போட்ட பத்து லிட்டர் கேனில் ட்யூபை மாட்டி, ஒரே ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். குறைந்ததை மூன்றால் பெருக்குங்கள். அந்த இருபது நிமிடத்தில் இன்னொரு சோதனையும் நடந்துவிடும். இன்ஜினிலிருந்து பீச்சும் குளிர்ச்சித் தண்ணீர் கடைசிவரை ஒரே சீராக வருகிறதா, சூடாகி அலாரம் அடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் எந்த இன்ஜினும் நல்ல இன்ஜின்தான்.

மெதுவா போனா எப்பவும் மிச்சம்தானே அண்ணே?

இல்லை. மேலே ஏறி ஓடும் படகில் இதுதான் பலரும் தவறவிடும் இடம். லிட்டரை மணிக்கு அல்ல, மைலுக்குப் பாருங்கள். ஒரு 24 அடிப் படகு, 40 ஹெச்பி என்று உதாரணத்துக்கு எடுப்போம். முழு ஓட்டத்தில் 22 நாட், மணிக்கு 14 லிட்டர் என்றால் மைலுக்கு 0.64. 4200 ஆர்பிஎம்மில் 15 நாட், 7.5 லிட்டர் என்றால் மைலுக்கு 0.5. கொஞ்சம் இன்னும் மிச்சம் பிடிக்கலாம் என்று 3000க்கு இறக்கினால் படகு மேலே ஓடுவதை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, அணியத்தைத் தூக்கிக்கொண்டு, 8 நாட்டில் 5 லிட்டர் குடிக்கும். மைலுக்கு 0.63. முழு ஓட்டத்தின் செலவு, பாதிக்கும் குறைவான வேகம். உண்மையாகவே மிச்சம் வேண்டுமென்றால் 5 நாட்டுக்கு இறங்க வேண்டும். அப்போது மைலுக்கு 0.36 மாதிரி வரும்.

ஆகவே படகு மேலே ஏறி நிற்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் எது என்று கண்டுபிடியுங்கள். மதியக் கடலில் உங்களால் தாங்க முடிகிற வேகம் அதற்குக் கீழே இருந்தால், அந்தப் படகு உங்கள் கடலுக்கு ஒத்துவராது. பாதி நாள் அந்த 8 நாட் பள்ளத்திலேயே கிடப்பீர்கள்.

டேங்க் 100 லிட்டர். எவ்வளவு தூரம் போகலாம்?

மேலே சொன்ன உதாரணத்தின்படி 200 மைல் என்று கணக்கு வரும். அதை எழுதவே வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடக்கூடாதது. 33 லிட்டரில் 66 மைல் போகலாம் என்பது நல்ல நாள் கணக்கு. எதிர்க்காற்றில் மைலுக்கு 0.7, 0.8 என்று ஏறும், எனவே 40 மைலோடு நிறுத்திக்கொள்வேன். கடலூர் முகத்துவாரத்திலிருந்து புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு முகத்துவாரம் 12 மைல் சுமார். அங்கே போய் வருவதற்கு இந்தப் படகு தாராளம்.

சுனாமிக்குப் பிறகு கொடுத்த படகு, சல்லிசா வருது. வாங்கலாமா?

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்திறங்கின. அவசரத்தில் செய்தவை, நன்றாகச் செய்தவை இரண்டும் உண்டு. இன்று அவற்றுக்கு இருபது வயது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தப் பக்கம்தான் கரையேறின. கரையில் புரண்டு, ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்த படகு எது என்று பெயின்டைப் பார்த்துத் தெரியாது.

நடையைப் பொறுத்தவரை ஆபத்து ஓட்டையில் இல்லை, கனத்தில் இருக்கிறது. ஃபைபருக்குள் வைத்த மரம், ப்ளைவுட், நுரை எல்லாம் வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கும். வெளியே தெரியாமல் நூறு, இருநூறு கிலோ ஏறியிருக்கும். அதாவது இரண்டு மூன்று பேர் எப்போதும் ஏறியே உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன மரச் சுத்தியலால் இன்ஜின் மாட்டும் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். 'டக்' என்று வந்தால் நல்லது, 'பொத்' என்று வந்தால் உள்ளே ஊறிவிட்டது. ஓட்டிவிட்டு வந்தபின் இன்ஜினைத் தூக்கி, அதன் அடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பின்பலகை சேர்ந்து அசைந்தால் வேண்டாம். ஊறாத, நேராகச் செய்த பழைய படகு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அந்தக் காலத்துச் சில படகுகளில் ஃபைபர் தடிமன் இன்றைக்கு வருவதைவிட நன்றாகவே இருக்கிறது.

அடி கனமா இருந்தா என்ன, இன்ஜினைப் பெருசா மாத்திட்டா?

10 ஹெச்பி டீசல் படகு பற்றிச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். தண்ணீரைக் கிழிக்கும் அடிக்கு இரட்டிப்பு ஹெச்பி கொடுத்தாலும் ஒரு நாட் கூடுவதே பெரிது. மேலே ஏறும் அடியானால் வேகம் கூடும், ஆனால் பின்பலகையில் எடையும் இழுப்பும் கூடும். படகு செய்தவர் எத்தனை ஹெச்பி வரை என்று சொல்லியிருக்கிறாரோ அதோடு நிறுத்துங்கள்.

ரெண்டு இன்ஜின் இருந்தா பாதுகாப்புதானே?

ஒன்று நின்றால் கரை சேரலாம் என்ற அளவில் ஆமாம். ஆனால் ஒற்றை இன்ஜினில் படகு மேலே ஏறாது, பெரும்பாலும் 6, 7 நாட்டில்தான் வரும். சோதனை ஓட்டத்தில் ஒன்றை அணைத்து, தூக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்த வேகத்தில் மைலுக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து, அதை வைத்துத்தான் மூன்றில் ஒரு பங்கு மிச்சத்தைக் கணக்கிட வேண்டும். இரண்டும் ஒரே டேங்கில், ஒரே ஃபில்டரில் குடித்தால், பெட்ரோலில் தண்ணீர் சேரும் நாளில் இரண்டுமே நிற்கும்.

தடைக்காலத்துல நிறைய படகு விலைக்கு வருது. அப்ப பார்க்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பட்டறை வேலை நடக்கும் காலம் என்பதால் சின்னப் படகுகளும் கரையேறும், விலைக்கும் வரும். கரையில் அடியை முழுசாகப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஆனால் புதிதாகச் சுரண்டி, பெயின்ட் அடித்து இறக்கிய படகு அந்த வருஷத்தின் மிக நல்ல வேகத்தைக் காட்டும். ஆற்றில் கட்டிப்போட்டால் நம் வெதுவெதுப்பான தண்ணீரில் சில வாரத்திலேயே கொட்டலசு பிடிக்கத் தொடங்கும். மேலே ஏறி ஓடும் படகை ஆற்றிலேயே கட்டிவைக்கப் போகிறீர்கள் என்றால் சோதனையில் வந்த வேகத்திலிருந்து இரண்டு மூன்று நாட் கழித்துக்கொள்ளுங்கள். தினமும் மணலில் ஏற்றி வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

சோதனை ஓட்டத்துல சொன்னதைவிடக் குறைஞ்சா விலையை எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்?

வேகத்துக்கு விலை பேசாதீர்கள், சண்டைதான் வரும். லிட்டருக்குப் பேசுங்கள். நல்ல நிலையில் மைலுக்கு 0.5 எடுக்க வேண்டிய படகு 0.7 எடுக்கிறது. நீங்கள் நாளுக்கு 20 மைல், வருஷத்தில் 100 நாள் ஓட்டுவீர்கள். வருஷத்துக்கு 400 லிட்டர் பெட்ரோல் வீண். அதை எழுதிக் காட்டினால் விற்பவரும் மறுக்க மாட்டார், ஏனென்றால் அந்தப் பணத்தை இதுவரை கொட்டியவர் அவர்தான். காரணம் ப்ரொப்பல்லர் என்று தெரிந்தால் அதன் விலையை மட்டும் கழியுங்கள்.

எல்லாம் சரி, ஆனா கடல்ல ஓட்டிப் பார்க்க விடமாட்டேங்கிறாரே?

பெட்ரோல் செலவு என்னுடையது, நீங்களே ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். அவர்களுடைய பயமெல்லாம், முன்பின் தெரியாத ஆள் கையில் படகைக் கொடுப்பதைப் பற்றித்தான். அட்வான்ஸ் கேட்டால் சின்னத் தொகை கொடுத்து, "சுமையோடு கடலில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியானால் மீதி, இல்லாவிட்டால் அட்வான்ஸ் திருப்பி" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போகிற அன்று, உங்களுக்கு முன்பே யாரும் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கக் கூடாது, கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் மாட்டேன் என்றால், இன்ஜின் ஓடாது என்ற விலைக்கு அந்தப் படகைக் கேளுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் சோனங்குப்பம், நல்லவாடு, வீராம்பட்டினம் என்று கரையோரமாக ஒரு நாள் நடந்து பாருங்கள், படகுகள் நிறைய நிற்கின்றன.